முகம்மது சலீம் (காற்பந்தாட்ட வீரர்)

முகம்மது சலீம் (1904 - நவம்பர் 5, 1980) கல்கத்தாவைச் சேர்ந்த இந்தியக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். முன்வரிசையில் வலது ஓரத்தில் ஆடியவர். 1936ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் கழகத்துக்காக ஆடினார். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியத் துணைக்கண்ட வீரராக இவர் கருதப்படுகிறார். காலணி அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடியமை இவரது தனிச்சிறப்பு.

இளமை

கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில், வசதி குறைந்த நடுத்தரக் குடும்பத்தில் சலீம் பிறந்தார். இவருக்கு ஏழு வயதானபோது, 1911 சூலை 29 அன்று, மோகன் பகான் அணி கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு அணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆள்வோரின் படைவீரர்களை, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்தியர்கள் தோற்கடித்த அந்நிகழ்வு வங்காளத்தில் ஒரு தலைமுறையையே பந்தின் பக்கம் திருப்பியது. சலீமும் அவர்களுள் ஒருவர்.

1926இல் பௌபஜாரிலுள்ள சித்தரஞ்சன் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் முகமதன் ஸ்போர்ட்டிங், ஸ்போர்ட்டிங் யூனியன், கிழக்கு வங்காளம், ஆரியன்ஸ் ஆகிய கழகங்களில் ஆடி, 1934இல் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கே திரும்பினார்.

வெறுங்கால் ஆட்டம்

அக்காலத்து இந்திய வீரர்கள் பலர் காலணியின்றி ஆடியதற்கு வறுமை மட்டும் காரணமன்று. பந்தை விரல்களால் உணர்ந்து கட்டுப்படுத்துவது அவர்களுக்குப் பழகிய முறை. உலர்ந்து இறுகிய தரையில் அது வேகத்தையும் கொடுத்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட வட்டாரங்களில் நீர் வற்றிய கண்மாய்த் தரையில் பிள்ளைகள் வெறுங்காலுடன் பந்தாடுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிக்கல் மழைக்காலத்தில்தான். ஈரப் புல்தரையில் வெறுங்கால் வழுக்கும். கல்கத்தாவின் ஆட்டப் பருவமோ மழைக்காலத்திலேயே அமைந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் ஈரமான நாள்களில் தன் வீரர்களைக் காலணி அணிந்து ஆடப் பழக்கியது அதன் வெற்றிகளுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

1898இல் தொடங்கிய கல்கத்தா காற்பந்துக் கூட்டிணைவுப் போட்டியில் 1934 வரை எந்த இந்திய அணியும் முதலிடம் பெற்றதில்லை. அவ்வாண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் அதனைப் பெற்றது. தொடர்ந்து 1938 வரை ஐந்து ஆண்டுகளும் அக்கழகமே வென்றது.

கிளாஸ்கோ பயணம்

1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியில் சீன அணி கல்கத்தாவில் ஆடியது. அதனை எதிர்த்து ஆட இரு ஆட்டங்களுக்குச் சலீம் அழைக்கப்பட்டார். முதல் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணவில்லை. அவரைத் தேடி நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தார்கள் என்பர். பிரித்தானியாவில் வாழ்ந்த உறவினர் ஹாஷிம் ஐரோப்பாவில் ஆடிப் பார்க்குமாறு தூண்ட, அவருடன் சலீம் கப்பலேறியிருந்தார். கெய்ரோ வழியாக இலண்டன் சென்று, அங்கிருந்து கிளாஸ்கோவை அடைந்தனர்.

செல்டிக் அப்போது சாதாரணக் கழகம் அன்று. 1935-36 பருவத்தில் ஸ்காட்லாந்துக் கூட்டிணைவை வென்றிருந்தது. அதன் முன்னணி வீரர் ஜிம்மி மக்ரோரி அப்பருவத்தில் கூட்டிணைவு ஆட்டங்களில் மட்டும் 50 கோல்கள் அடித்திருந்தார். 1897 முதல் மேலாளராயிருந்த வில்லி மேலியிடம் ஹாஷிம் பேசினார். வெறுங்காலுடன், காலணி அணிந்த தொழில்முறை வீரர்களோடு ஒருவர் ஆடுவதா என்று மேலிக்கு வியப்பு. ஆயினும் சோதித்துப் பார்க்க இசைந்தார். கழக உறுப்பினர் ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் நடந்ததாகக் கூறப்படும் அச்சோதனையில் சலீம் தேறினார். பயிற்சியாளர் ஜிம்மி மக்மெனமி குனிந்து சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் ஒளிப்படம் பரவலாக அறியப்பட்டது. இந்தியா பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் அது.

செல்டிக் ஆட்டங்கள்

செல்டிக் உடையில் சலீம் ஆடிய இரண்டு ஆட்டங்கள் பதிவாகியுள்ளன. ஆகஸ்ட் 28, 1936 அன்று கால்ஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 7-1 என வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் சலீம் அமைத்துக் கொடுத்த பந்துகளால் விளைந்தவை. பெனால்டி உதையை அடிக்கச் சொன்னபோது கூச்சத்தால் மறுத்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஹாஷிமே மொழிபெயர்த்தார். மறுநாள் ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ் அவரைப் பந்து வித்தைக்காரராக வருணித்து எழுதியது. ஹாமில்டன் அக்காடமிக்கல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5-1 என வென்றது. இம்முறை பெனால்டி உதையைச் சலீம் தயங்காமல் கோலாக்கினார்.

இவ்விரண்டும் முதன்மை அணியின் கூட்டிணைவு ஆட்டங்கள் அல்ல. மாற்று அணி ஆடியவை. சில கட்டுரைகள் இவரை ஐரோப்பாவில் ஆடிய முதல் ஆசியர் என்று குறிப்பிடுவதும் பிழையே. பிலிப்பைன்சில் பிறந்த பாலினோ அல்காந்தரா 1912இலேயே பார்சிலோனா கழகத்துக்காக ஆடத் தொடங்கிவிட்டார். இத்திருத்தங்களால் சலீம் அடைந்தது குறைந்துவிடாது. அவர் ஆடியது அறிமுகமற்ற நாட்டில், மொழி தெரியாமல், ஈரப் புல்தரையில், ஆணி பதித்த காலணிகளுக்கு நடுவே.

நாடு திரும்பல்

செல்டிக் அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் சில மாதங்களிலேயே ஊர் நினைவு சலீமை வாட்டியது. அவரைத் தக்கவைக்க, ஓர் ஆட்டத்தின் நுழைவுக் கட்டணத்தில் ஐந்து விழுக்காட்டை அவருக்குத் தரக் கழகம் முன்வந்தது. அத்தொகையை, ஆட்டம் காண அழைக்கப்பட்டிருந்த ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் என்று கூறப்படுகிறது. கிளாஸ்கோவின் ஏழைகளுக்கு நிதி திரட்டவே 1887இல் நிறுவப்பட்ட கழகம் அது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அவர் தங்கியிருந்தால் முதன்மை அணியில் இடம் பெற்றிருக்கலாம். கல்கத்தாவுக்குத் திரும்பி, முகமதன் ஸ்போர்ட்டிங் 1937, 1938 ஆண்டுகளில் கூட்டிணைவை வென்றபோது அதில் பங்கேற்றார். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலுடன் ஆடி பிரான்சிடம் 1-2 எனத் தோற்றபோது, பிரித்தானியர்கள் அதனைப் புதுமையாகப் பார்த்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளாஸ்கோ கண்ட காட்சிதான் அது. பிரித்தானியத் தொழில்முறைக் கழகம் ஒன்றுடன் மற்றோர் இந்திய வீரர் பெயர்பெற 1999 வரை ஆயிற்று. அவ்வாண்டில் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கழகத்தில் சேர்ந்தார்.

பிற்காலம்

முதுமையில் சலீம் நோயுற்றிருந்தபோது, மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பணம் பெறுவது தம் நோக்கமன்று என்றும், தந்தையைக் கழகம் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறியவே எழுதியதாகவும் அவர் பின்னர் தெரிவித்தார். கழகத்திலிருந்து மறுமொழியும் 100 பவுண்டுக்கான வங்கி வரைவோலையும் வந்தன. அந்த வரைவோலையை அவர் பணமாக மாற்றவில்லை.