வீரமாமுனிவரும் பேதையர் ஐவரும்

இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் கி. பி. 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் பிறந்த கொன்ஸ்தாந்தீன் யோசேப்பு பெஸ்கி என்பார், 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்து, 1710-இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டில் மதுரை மிஷனுக்கு வந்தார். தெ நொபிலி அடிகள் 1606-இல் இம்மாநகர் புகுந்து அப்பொழுது நூறாண்டு கழிந்திருந்தது. முப்பது வயது நிரம்பிய, இலத்தீனிற் புலமை முதிர்ந்த ஒருவர், சிறு பிள்ளையைப்போல் தமிழ் நெடுங்கணக்கை முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். ஞானத்தை விழைவோன் முன்னர்த் தன்னைப் பேதையென்று கொள்ளல் வேண்டுமெனப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்துச் சபையார்க்கு அறிவுறுத்தியதை இவரிடம் செயலாகக் காண்கின்றோம்.

தைரியநாதர் என்றும் பின்னர் வீரமாமுனிவர் என்றும் பெயர் பூண்ட இவர் இயற்றிய தேம்பாவணி 3,615 செய்யுட்களையுடையது. தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் நாம் நன்கறிந்தவை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் தெளிவுற வேறுபடுத்தினாரும் இவரே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தாராதலின், பேதைமை, புல்லறிவாண்மை என்னும் அதிகாரங்களை எழுத்தெண்ணிக் கற்றிருந்தார் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய பெரும்புலவர் பரமார்த்த குருவின் கதையை ஏன் எழுதினார்? தமிழ் பயிலும் புதிய குருமார்க்கு எளிய உரைநடை வேண்டியிருந்தது என்பர். அது மெய்யே, எனினும் அவ்வளவில் அமைதல் இயலாது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன சீடர் ஐவரின் பெயர்கள். அயல்நாட்டாரை இகழ்ந்து வழங்கும் மிலேச்சன் என்னும் பெயரை அயல்நாட்டாராகிய அவரே ஒரு மூடனுக்கு இட்டது நகைச்சுவையோடு பணிவும் உடையதன்றோ? கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்து, ஆறு விழித்திருக்கிறது என அஞ்சினர் அச்சீடர். (கோடையில் நம் செல்லூர்க் கரையில் நின்றிருப்பின் அவர்க்கு அவ்வச்சம் நேர்ந்திராது, வையை அக்காலத்து அயர்ந்து உறங்குவது.) கரையேறியபின் ஒவ்வொருவனும் தன்னை விட்டுப் பிறரையே எண்ணி, ஒருவன் ஆற்றோடு போயினான் என்று அழுதான். வழிப்போக்கன் ஒருவன் காசு பெற்றுக்கொண்டு, முதுகில் அடித்து அடித்து எண்ணிக் காட்டினான். பிறிதொருகால், கீழே விழுவனவற்றுள் எடுக்கத் தக்கவற்றைக் குரு ஓலையில் எழுதிக் கொடுத்தார். குருவே குதிரையினின்று குழியில் விழுந்தபொழுது, ஓலையில் அவர் பெயர் இல்லாமையால் அவரை எடாது நின்றனர்!

விவிலியம் கூறும் மூடனும் இவ்வினத்தவனே. கல்லாதவனை அது மூடன் என்பதில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனை லூக்கா சுவிசேஷம் மதிகேடனாகக் காட்டுகின்றது; அவனோ கணக்கில் வல்லவன். அன்றிரவே பிரியக்கூடிய தன் உயிரைமட்டும் கணக்கில் சேர்த்திலன்.

இனி, நம்மனோர் கூசும் பகுதி ஒன்றுண்டு. தரங்கம்பாடியில் 1706 முதல் தொண்டாற்றிய லுத்தரன் மிஷனரிமாரை எதிர்த்து, வேத விளக்கம், பேதக மறுத்தல், லுத்தேரினத்தியல்பு முதலிய நூல்களை முனிவர் வன்சொற்களால் யாத்தார். அவ்வசை நம் சபைகளின் முன்னோர்மேல் வீழ்ந்தது. மூடனுக்கு விடையிறுத்தல் கூடாதென நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரம் விலக்கி, அடுத்த வசனத்திலேயே விடையிறுக்கப் பணிக்கின்றது. முனிவர் இரண்டாவதையே விரும்பிக் கைக்கொண்டார் போலும்! தன் பார்வைக்குத் தான் ஞானியாயிருப்பவன் மூடனினும் நம்பிக்கையற்றவன் என்று அதே அதிகாரம் கூறுவதை அப்பூசலில் இரு திறத்தாரும் மறந்தனர்; தம்மை எண்ணாது விட்ட சீடரையே ஒத்தனர் என்பது நம் துணிபு. இதனால் அவர் தமிழுக்கு நாம் பட்ட கடன் குறைவதில்லை. அவர் எழுத்தைக்கொண்டே இதனையும் எழுதுகின்றோம்.

முனிவர் 1747-இல் மறைந்தார். பரமார்த்த குருவின் கதை 1822-இல் பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. தேம்பாவணியைக் கற்றார் சிலரே பயில்கின்றனர். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலைக்கு வாங்கிய சீடர் கதையோ, அதை ஆக்கியோன் பெயர் அறியாத சிறுவர்க்கும் தெரியும்.