ஓம் கற்பித்த பாடம்

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் மெல்லிய செப்புக் கம்பி ஒன்றின் மின்தடையை அளந்துகொண்டிருந்தேன். வரைபடத்தின் மேற்கோடியில் மூன்று புள்ளிகள் மட்டும் நேர்கோட்டை விட்டு விலகி நின்றன. அழித்துவிட்டால் வேலை முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ரப்பரைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது நினைவுக்கு வந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம்.

அவர் 1789 மார்ச் 16-ல் ஜெர்மன் நாட்டு எர்லாங்கன் நகரில் பிறந்தவர். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமே முயன்று கணிதம் கற்று, மக்களுக்கும் கற்பித்தவர். தாயோ ஓமின் பத்து வயதிலேயே மறைந்துவிட்டார். பல்கலைக்கழகம் புகுந்த ஓம் நடனத்திலும் பில்லியர்ட்ஸிலும் பொழுதைப் போக்கினார். சினங்கொண்ட தந்தை படிப்பை இடையில் நிறுத்தினார். ஸ்விட்சர்லாந்து சென்று பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின், 1811-ல் ஊர் திரும்பி டாக்டர் பட்டம் பெற்றார். விடுதி வாழ்வின் இன்பங்களை அறிந்த நமக்கு அவர் அந்நியரல்லர்!

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில், கம்பியின் நீளம் மாறினால் மின்னோட்டம் எவ்வாறு மாறும் என்று ஆராய்ந்தார். 1825-ல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. அவருடைய மின்கலத்தின் விசை நிலையாக நிற்கவில்லை. போகென்டார்ஃப் என்ற அறிஞர் ஒரு யோசனை கூறினார். அதன்படி செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையை எடுத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். விசை நிலைபெற்றது, 1826-ல் உண்மை விதி கிடைத்தது. தாம் அச்சிட்ட சூத்திரத்தைத் தாமே திருத்த அவர் தயங்கவில்லை.

1827-ல் பெர்லினில் நூல் வெளிவந்தது. வரவேற்பு இல்லை. மனமுடைந்து பதவியைத் துறந்தார். 1833-ல்தான் நூரம்பர்க்கில் நிலையான வேலை அமைந்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்ளி பதக்கம் அளித்தது. மியூனிக்கில் அவர் விரும்பிய பேராசிரியர் பதவி கைகூடியது 1852-ல். 1854 ஜூலை 6-ல் காலமானார். 1881-ல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இனி என் மூன்று புள்ளிகளுக்கு வருகிறேன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். தொடக்கத்தில் 1 வோல்ட், 0.2 ஆம்பியர்: தடை 5 ஓம், திறன் 0.2 வாட். கடைசியில் 5.5 வோல்ட், 1 ஆம்பியர்: தடை 5.5 ஓம், திறன் 5.5 வாட். திறன் இருபத்தேழு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது! அத்தனையும் வெப்பமாகிக் கம்பியைச் சூடாக்கியது. சூடேறிய செம்பின் தடை கூடியது. வெப்பநிலை மாறாதவரைதானே ஓம் விதி நேர்கோடு தரும்?

புள்ளிகள் பொய் சொல்லவில்லை. நான்தான் பெருக்கிப் பார்க்க மறந்தேன். ரப்பரைப் பெட்டியில் வைத்துவிட்டு, மூன்றையும் அப்படியே விட்டு, அருகில் காரணத்தை எழுதினேன். அந்தப் பூட்டுத் தொழிலாளியின் மகனுக்கு நான் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.