கற்றபடி நின்ற காந்தியடிகள்

நூலோதுதலை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுவது ஜைன அறம். வாசித்தல், ஐயம் வினவுதல், சிந்தித்தல், பாடம் போற்றல், பிறர்க்கு எடுத்துரைத்தல் எனச் சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுக்கிறது தத்துவார்த்த சூத்திரம். இவ்வைந்தும் ஒருவர் வாழ்வில் பொருந்திவரின் அவர் எத்தகைய தலைவராக உயர்வார் என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்றாக விளங்குபவர் காந்தியடிகள்.

1869-ஆம் ஆண்டு போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், இளமையில் மிகுதியாக நூல் படித்தவர் அல்லர். பள்ளிப் பாடங்களைக் கடந்து அவர் நாடியவை மிகச் சிலவே. தந்தை வாங்கி வைத்திருந்த சிரவணன் கதை நாடகம் ஒன்று அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆயினும் அதே இளமையில், புலாலுண்டால்தான் இந்தியர் வலிமை பெற்று அந்நியரை வெல்லலாம் என்னும் நண்பரொருவரின் பேச்சுக்கு மயங்கி, மறைவில் புலாலும் உண்டார். பெற்றோரிடம் பொய்யுரைக்க மனமின்றியே பின்னர் அதனைக் கைவிட்டார்.

1888-இல் சட்டம் பயில இலண்டன் செல்ல விரும்பியபோது அன்னையார் தயங்கினார். ஜைனத் துறவியாகிய பேச்சர்ஜி சுவாமி, மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் உறுதிமொழியை மோகன்தாஸை எடுக்கச் செய்த பின்னரே விடை கிடைத்தது. அயல்நாட்டில் பசியோடு திரிந்த நாள்களிலும் அவ்விரதத்தை அவர் காத்தார். ஆனால் அப்போது அவரைக் கட்டியிருந்தது வாக்குறுதி மட்டுமே. உள்ளத்தின் உடன்பாடு அன்று. ஒரு நாள் மரக்கறி உணவகம் ஒன்றின் வாயிலில் ஹென்றி சால்ட் எழுதிய நூலைக் கண்டு, ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கி, முழுவதும் படித்தார். அன்றுமுதல் புலால் மறுத்தல் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. அன்னைக்காக ஏற்ற விரதம் அறிவின் தெளிவால் தம் விரதமானது.

1891-இல் தாயகம் திரும்பியபோது மும்பையில் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். அவர் காந்தியடிகளைவிட ஏறத்தாழ ஈராண்டே மூத்தவர். வைர, முத்து வணிகர். வணிகப் பேச்சு முடிந்ததும் அவர் கை அறநூலையோ தம் ஆன்மிகக் குறிப்பேட்டையோ நாடும். இந்த இல்லற ஞானியின் அருமை தென்னாப்பிரிக்காவில் நன்கு விளங்கியது. பிரிட்டோரியாவில் கிறித்தவ நண்பர்கள் அன்போடு தம் சமயத்திற்கு அழைத்தனர். முஸ்லிம் நண்பர்களும் தம் மார்க்கத்தை எடுத்துரைத்தனர். தம் சமயத்தின் குறைகளும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. மனம் அலைப்புண்ட அந்நிலையில் இருபத்தேழு வினாக்களை எழுதி ராஜசந்திரருக்கு அனுப்பினார்.

ராஜசந்திரர் பொறுமையோடு விடையெழுதினார். படிக்க நூல்களும் அனுப்பினார். அவற்றுள் ஒன்று ஹரிபத்ர சூரியின் ஷட்தர்சன சமுச்சயம். ஆறு தரிசனங்களை ஒரே நூலில் வகுத்துக் காட்டுவது அது. காந்தியடிகளின் கலக்கம் தணிந்தது. தம் சமயத்தில் ஊன்றி நின்றவாறே பிற சமயங்களை மதிக்கும் பண்பு அவரிடம் வேர்கொண்டது. பல சமயத்தாரையும் ஓரணியில் நடத்திய பிற்காலத் தலைமைக்கு இப்பண்பே அடித்தளம். டால்ஸ்டாயின் நூலைக் கற்று அகிம்சையில் உறுதி பெற்றதும் இக்காலத்தேதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞர் பணி பெருகி ஓய்வு அருகியபோது, கீதையின் சுலோகங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, காலையில் பல் துலக்கும் பதினைந்து நிமிடங்களில் மனப்பாடம் செய்தார். பதின்மூன்று அத்தியாயங்கள் இவ்வாறு நெஞ்சில் பதிந்தன. அபரிகிரகம், சமபாவம் என்னும் சொற்கள் அவரை விடாமல் பற்றிக்கொண்டன. உடைமையைத் துறப்பது எங்ஙனம் என்பது அவர் முன் நின்ற கேள்வி.

1904-இல் விடை வந்தது. டர்பனுக்குப் புறப்பட்ட அவரிடம் நண்பர் போலக் இரயில் நிலையத்தில் ரஸ்கினின் நூலொன்றைக் கொடுத்தார். தமிழில் கடையனுக்கும் கதிமோட்சம் என வழங்கும் நூல் அது. இருபத்து நான்கு மணி நேரப் பயணம். நூலைக் கீழே வைக்க இயலவில்லை. இரவு உறக்கமும் வரவில்லை. அனைவர் நலத்திலேயே ஒருவர் நலம் அடங்கும். வழக்கறிஞர் தொழிலும் நாவிதர் தொழிலும் ஒரே மதிப்புடையன. உடலுழைப்பு வாழ்வே உயர்வாழ்வு என்று அவர் தெளிந்தார்.

தெளிந்ததும் தாமதிக்கவில்லை. டர்பனுக்கு அருகே பீனிக்ஸில் நூறு ஏக்கர் நிலம் ஆயிரம் பவுனுக்கு வாங்கப்பட்டது. இந்தியன் ஒப்பீனியன் இதழின் அச்சகம் அங்கு பெயர்ந்தது. வேற்றுமையின்றி மாதம் மூன்று பவுன் ஊதியம் என்று வகுக்கப்பட்டது. அங்கிருந்து இதழ் வெளிவரவேண்டிய முதல் இரவிலேயே எண்ணெய் எஞ்சின் இயங்க மறுத்தது. உறங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, யாவரும் முறைவைத்துக் கைச்சக்கரத்தைச் சுழற்றினர், காந்தியடிகளும் தோள்கொடுத்தார். இதழ் குறித்தபடி வெளிவந்தது. ரஸ்கினின் கருத்தைப் பின்னர் குஜராத்தியில் சுருக்கி எழுதி, சர்வோதயம் எனப் பெயரிட்டார்.

தமிழ் மக்கள்பால் கொண்ட அன்பால், போப்பையரின் தமிழ்க் கையேட்டைக் கப்பலிலும் சிறையிலும் பயின்றார். இந்தியர் ஒருவருக்கு டால்ஸ்டாய் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தைத் தம் இதழில் வெளியிட்டார். அதில், தமிழ்ச் சமணர் தம் மரபின் பெருநூலாகப் போற்றும் திருக்குறளின் இன்னாசெய்யாமைக் கருத்துகள் இடம்பெற்றிருந்தன. வள்ளுவத்தின் அகிம்சை ரஷ்யா சென்று, தென்னாப்பிரிக்கா வழியே மீண்டும் இந்தியர் கைக்கு வந்தது.

வினவுதல் ராஜசந்திரரிடம், சிந்தித்தல் இரயில் பெட்டியில், பாடம் போற்றல் பல் துலக்கும் சுவரருகே, எடுத்துரைத்தல் சர்வோதயத்தில். அவர் கற்ற நூல்களின் எண்ணிக்கை பெரிதன்று. ஒரு நூலைக் கற்று முடித்தபின் அவர் வாழ்வு முன்போல் இருந்ததில்லை என்பதே பெரிது. நம் இல்லங்களில் பட்டுத்துணியில் பொதிந்து பூசிக்கப்படும் சுருதங்களும் அவ்வாறு அவிழ்த்து ஓதப்படவே காத்திருக்கின்றன.