தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்: மானிப்பாய் கிறீன்

சில மாதங்களுக்கு முன் கேமரன் மலையில் ஒரு கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும், தம்பி கொஞ்சம் உள்ளே வந்து சொல்லுய்யா என்று கையைப் பிடித்துக்கொண்டார். முழங்காலில் குடைச்சல், இடுப்பில் கடுப்பு, ராத்திரியானால் உள்ளங்காலில் எரிச்சல் என்று அவர் தனித்தனியாகச் சொன்னார். அதை நான் மலாயில் சொன்னபோது மூன்றும் சேர்ந்து ஒரே சாகிட் ஆகிவிட்டது. மலாயிலும் வலிக்குப் பல சொற்கள் உண்டு. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அது ஒன்றுதான். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாட்டிக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. தமிழ் படித்த காலத்தில் ஒரு வகுப்பில் இரண்டே வரியில் கடந்துபோன பெயர் அது: சாமுவேல் பிஸ்க் கிறீன். யாழ்ப்பாண வழக்கில் கிறீன் என்றுதான் எழுதுவார்கள். 170 ஆண்டுகளுக்கு முன்பே, நோயாளியின் மொழியில்தான் டாக்டர் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற அமெரிக்கர் இவர்.

கிறீன் பிறந்தது 1822 அக்டோபர் 10, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில். ஊரின் ஓரத்தில் குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணை இருந்தது. பிள்ளைகள் பலர் பிறந்த பெரிய வீடு. அண்ணன் ஆண்ட்ரூ கிறீன் பின்னாளில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்றவர், இன்றைய பெரிய நியூயார்க் நகரை ஒன்றிணைத்தவர். அண்ணன் நியூயார்க்கைக் கட்டினார், தம்பி மானிப்பாய்க்குக் கப்பல் ஏறினார்.

மருத்துவப் படிப்பை 1845இல் நியூயார்க்கில் முடித்தார். அமெரிக்க மிஷன் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பள்ளிகளும் தேவாலயங்களும் நடத்திக்கொண்டிருந்தது. 1820 முதல் பண்டத்தரிப்பில் டாக்டர் ஜான் ஸ்கடர் வைத்தியம் பார்த்திருந்தார். அந்த வழியில் 1847இல் கிறீன் வந்து இறங்கினார். அப்போது வயது ஏறக்குறைய 25. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டே மானிப்பாய். அங்கே ஒரு மருந்தகமும், அதோடு சேர்த்து உள்ளூர்ப் பையன்களுக்கு ஒரு மருத்துவ வகுப்பும் தொடங்கினார்.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் காலை முதல் மாலை வரை அவர் முன் வந்து நின்ற நோயாளிகள் பேசியது தமிழ். மொழி தெரியாத டாக்டர் பாதி டாக்டர்தான் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்திருக்க வேண்டும். தமிழை உட்கார்ந்து படித்தார், எழுதவும் பழகினார். 1850களிலேயே புத்தகங்கள் வரத் தொடங்கின. உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் மூன்றையும் சேர்த்துச் சொன்ன கட்டர் என்பவரின் நூல், 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. 1857இல் 'பிரசவ வைத்தியம்' வந்தது.

பெயரைப் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்கிறீர்களா? எனக்கும்தான். இன்று நாம் உடற்கூற்றியல் என்று சொல்வதை அவர் அங்காதிபாதம் என்றார். வேதியியல் அவரிடம் 'கெமிஸ்தம்' ஆனது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல் ஆக்கவில்லை. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடுவது, இல்லாவிட்டால் வடமொழியில் பார்ப்பது, அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதிக்கொள்வது. இந்த வரிசையை வைத்துக்கொண்டு வேலை செய்தார். மருத்துவச் சொற்களுக்குத் தனி அகராதிப் பட்டியல்களும் தயாரித்தார். கலைச்சொல் பற்றி இன்றும் நாம் மேடையில் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டைக்கு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு தீர்வு தேடியவர் அவர்.

உடல்நலம் குன்றி 1850களின் இறுதியில் ஊருக்குப் போனவர், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து மறுபடியும் யாழ்ப்பாணம் திரும்பினார். இந்த இரண்டாம் முறைதான் பெரிய முடிவை எடுத்தார். இனி வகுப்பு முழுக்கத் தமிழிலேயே நடக்கும் என்றார்.

அவருடைய கணக்கு எளிமையானது. ஆங்கிலத்தில் படித்த பையன் அரசாங்கச் சம்பளத்தைத் தேடி வெளியூர் போய்விடுகிறான். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே இருப்பான், தன் சனங்களுக்கு அவர்கள் பேச்சிலேயே வைத்தியம் பார்ப்பான். இந்தக் கணக்கு எல்லோருக்கும் இனிக்கவில்லை. ஆங்கிலம் படித்தால்தான் சோறு என்ற எண்ணம் அன்றே வேர் பிடித்திருந்தது. அது எவ்வளவு உண்மை என்பதற்கு நம் நாடே சாட்சி. பிறகு வந்த தலைமுறைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மலாயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். தோட்டத்தில் டிரெஸர் ஐயா, கிராணி ஐயா என்று நம் தாத்தா பாட்டி கூப்பிட்டவர்களில் பலர் அந்த வழியில் வந்தவர்கள்தான். கிறீன் அஞ்சியதும் அதுதான், நமக்கு வைத்தியம் கிடைத்ததும் அதனால்தான்.

உடை விஷயத்திலும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மாணவர்கள் கோட்டும் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரனைப் போல நடப்பதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவர் ஆகட்டும், ஆனால் தமிழராகவே இருக்கட்டும் என்பது அவர் நிலை. இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் வந்தது மதம் பரப்பத்தான். மருந்து கொடுப்பதும் அதற்கு ஒரு வாசல் என்றே மிஷன் கருதியது. அதே 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், மிஷனரிகளின் மதமாற்றத்தை எதிர்த்துக் காலமெல்லாம் எழுதினார், பள்ளிகள் நடத்தினார். சில மைல் தொலைவில், ஒரே காலத்தில், எதிரெதிர்ப் பக்கத்தில் நின்ற இருவருமே அச்சுக்கூடத்தையும் தமிழ் உரைநடையையும் நம்பியவர்கள் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

1866இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பரவியது. அந்த நோய்க்கு அப்போது சரியான மருந்து கிடையாது. நோய்க்கிருமியைப் பற்றிய அறிவே உலகில் உறுதியாகாத காலம். தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போன கூலித் தொழிலாளர்களின் பாதை நெடுகிலும் இந்த நோய் மீண்டும் மீண்டும் உயிர்களைக் கொண்டுபோனது. நம் முன்னோர் கப்பலில் சந்தித்த அதே சாவு. தமிழில் படித்த வைத்தியர் ஊருக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்று கிறீன் துடித்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

புத்தக வேலை நிற்கவில்லை. டான்போர்த், பால், சாப்மன் என்று மிஷனில் ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்ட அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் திருத்தினார். 1867இல் அறுவை சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்'. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்'. இவற்றில் முதலாவது கிரேயின் உடற்கூற்று நூல். டாக்டருக்குப் படிப்பவர்கள் இன்றும் புரட்டும் அதே கிரே. லண்டனில் அந்த நூல் வெளிவந்தது 1858இல். 14 ஆண்டுகளில் அது தமிழில் வந்துவிட்டது. எல்லாம் சேர்த்துத் தமிழில் 4,000 பக்கங்களுக்கு மேல். அவரிடம் பயின்று டாக்டரானவர்கள் 60க்கும் மேற்பட்டோர், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

1873இல் உடல் ஒத்துழைக்காமல் வூஸ்டருக்குத் திரும்பினார். திரும்பிய பிறகும் கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்து திருத்தி அனுப்பினார். 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' வெளிவந்தன. மானிப்பாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1884 மே 28இல், 61 வயதில் காலமானார்.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. வேலையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. புத்தகங்கள் மெல்ல அலமாரிக்குப் போயின. 20ஆம் நூற்றாண்டில் ஈழத்துக் கவிஞர் அம்பி அவரைத் தேடிப் பிடித்து எழுதினார். 'மருத்துவத் தமிழ் முன்னோடி' என்ற அவருடைய நூல்தான் இன்று பலருக்கும் கிறீனை அறிமுகம் செய்கிறது. மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

தன் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார். படித்த பட்டமோ, பிரபலமான அண்ணனின் பெயரோ அதில் இல்லை. தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று எழுதச் சொன்னார். வூஸ்டரில் உள்ள அந்தக் கல்லில் அப்படித்தான் பொறித்திருக்கிறார்கள்.