தலைப்பாகை தந்த தவச்செல்வர்: அய்யா வைகுண்டர் வாழ்வு

பாலக்காட்டுக் கணவாயிலும், தேவிகுளம், பீர்மேடு மலைச்சாரல்களிலும் வாழும் தமிழராகிய நமக்குத் தென்குமரி நாடு தூரத்து உறவன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பெற்றபோது கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதற்கு முன்னர் இவை யாவும் திருவிதாங்கூர் என்னும் ஒரே அரசின் குடைக்கீழ் இருந்தவை. அவ்வரசின் தென்கோடியில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன், தாழ்த்தப்பட்ட மக்களைத் தலைப்பாகை அணிந்து இறைவனை வழிபடச் செய்த ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே அய்யா வைகுண்டர்.

தலையில் ஒரு முழத் துணியைச் சுற்றிக் கொள்வதில் அப்படி என்ன பெருமை இருக்கின்றது என்று இக்காலத்து இளைஞர் வினவலாம். அந்நாளைய நிலையை அறிந்தார்க்கே அதன் அருமை விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ஒருவன் எக்குலத்தில் பிறந்தான் என்பதை அவன் உடையே ஊரார்க்கு அறிவிக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. பனையேறி உழைத்த நாடார் குல மக்கள் தலைப்பாகை கட்டலாகாது, காலில் செருப்பு அணியலாகாது, மழையிலும் குடை பிடிக்கலாகாது, பொன்னணி பூணலாகாது. மாடி வைத்து வீடு கட்டவும் உரிமை இல்லை. பெண்டிர் குடத்தை இடுப்பில் ஏந்துதலும் குற்றம். மார்பை மூடுதலும் குற்றம். அவர்கட்கும் கீழாக வைக்கப்பட்ட புலையர், பறையர் முதலாய மக்களின் துயரம் இன்னும் கொடிது. இவற்றோடு தலைவரியும், பனைவரியும், ஊழியம் என்ற பெயரால் கூலியில்லா வேலையும் அம்மக்களை வருத்தின. தலைக்கு வரி உண்டு. தலைக்குத் துணி இல்லை என்பதே அன்றைய நீதி!

இத்தகைய நாட்டில், நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட சாமிதோப்பு என்று இன்று வழங்கும் ஊரில், 1809-ஆம் ஆண்டு, பொன்னுமாடனார், வெயிலாள் அம்மையார் என்னும் எளிய பெற்றோர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் அம்மகவுக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டு மகிழ்ந்தனர். தலைப்பாகைக்கே தகுதியற்றவன் என்று ஒதுக்கப்பட்டவன் வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேற்குலத்தார் வெகுண்டனர். அப்பெயர் மாற்றப்பெற்று, குழந்தை முத்துக்குட்டி ஆயிற்று. தொட்டிலிற் கிடந்த நாளிலேயே தலையிலிருந்து முடியைப் பறிகொடுத்தவர் அவர். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஆயிரமாயிரம் தலைகளில் முடி சூட்டியது.

இளமையில் முத்துக்குட்டி ஏனையோரைப் போலவே உழைத்து வாழ்ந்தார், இல்லறமும் ஏற்றார். இருபது வயதைக் கடந்த சின்னாட்களில் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1833-ஆம் ஆண்டு மாசித் திருவிழாவுக்கு அவரைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றனர். அங்கே அவர் கடலுட் புகுந்து மறைந்தார் என்றும், மூன்றாம் நாள் நோய் நீங்கி, வைகுண்டராய்ப் புதுப்பிறவி கொண்டு கரையேறினார் என்றும் அன்பர் நம்புகின்றனர். நம்பிக்கையை நம்பிக்கையாகவே போற்றுவோம். ஆயினும் வரலாறு காண்போர்க்கும் ஒன்று தெளிவு. கடலுக்குச் சென்றவர் முத்துக்குட்டி. திரும்பி வந்தவர் அஞ்சா நெஞ்சினர். அன்று தொட்டு, பிறர் தம்மீது சுமத்திய பெயரை அவர் ஏற்றாரில்லை.

ஊர் திரும்பியவர் ஆறு ஆண்டுகள் அருந்தவம் இயற்றினார். மக்கள் திரள் திரளாய் அவரை நாடினர். பேய்க்கு அஞ்சி உயிர்ப்பலி இடுதலும், காணிக்கை கொடுத்து வறியராதலும் வேண்டா என்று அவர் விலக்கினார். எல்லாக் குலத்தாரும் ஒரு கிணற்று நீரை முகந்து நீராடவும் பருகவும் செய்தார். முத்திரிக்கிணறு என்று அதனை இன்றும் போற்றுகின்றனர். ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணச் செய்தார். நெற்றியில் சுடர் வடிவாக வெண்ணிற நாமம் இடச் செய்தார். ஆடவர் அனைவரும் தலையில் பாகை கட்டிக்கொண்டே இறைவன்முன் நிற்றல் வேண்டும் என்று நெறி வகுத்தார்.

இந்நெறியின் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலோர்முன் நிற்கும்போது தலைத்துணியை அவிழ்த்து இடுப்பிற் கட்டிக்கொண்டு கைகட்டி வாய்புதைப்பதே அக்காலத்துப் பணிவு. அரசரின் முன்னும் ஆண்டையின் முன்னும் கூனி நின்ற மனிதனை, அவ்விருவர்க்கும் மேலான இறைவன் முன்னிலையில் தலைப்பாகையோடு நிமிர்ந்து நில் என்றால், பிறகு அவன் எந்த மனிதனுக்கு முன் கூனுவான்? வழிபடும் இடத்தில் கண்ணாடியை வைத்து, அதன்முன் மக்களை நிற்கச் செய்த வழக்கத்தையும் இதனோடு சேர்த்து நோக்குக. வழிபட வந்தவன் ஆங்கே காண்பது பாகை சூடிய தன் முகத்தையே. தன்னுள் உறையும் இறைமையை அவன் உணர்வான். தன் தலை எத்துணை மதிப்புடையது என்பதையும் உணர்வான். வாள் ஏந்தாமல், வழக்கு மன்றம் ஏறாமல், வழிபாட்டின் வாயிலாகவே ஓர் உரிமையை நிலைநாட்டிய திறம் இது.

உரிமை பெற்றவர் ஒழுக்கமும் பெறல் வேண்டும் என்பது அவர் கருத்து. கடற்கரையை அடுத்த வாகைப்பதியில் 700 குடும்பத்தினரைத் துவையல் தவசு என்னும் கூட்டுநோன்பில் ஈடுபடுத்தினார். உடுத்த ஆடையை நாளும் துவைத்தல், நீராடுதல், புலால் நீக்கி அளவாக உண்ணுதல், கூடி வழிபடுதல் என அந்நோன்பு நடைபெற்றது. தூய்மையற்றவர் என்று பழிக்கப்பட்ட மக்களே தூய்மைக்கு இலக்கணமாயினர். நிழல் தாங்கல்கள் என்னும் எளிய வழிபாட்டு இல்லங்கள் ஊர்தோறும் எழுந்தன.

அரசு வாளாவிருக்குமோ? சுவாதித் திருநாள் மன்னர் ஆண்ட காலம் அது. புகார்கள் அரண்மனையை எட்டின. வைகுண்டர் பிடிக்கப்பெற்றுத் திருவனந்தபுரம் கொண்டு செல்லப்பட்டு, சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். நூறு நாட்களுக்கு மேல் அச்சிறையில் அவர் துன்புற்றார் என்றும், பலவகைச் சோதனைகட்கு உள்ளானார் என்றும் அன்பர் மரபு கூறும். தம் சாதியாரோடு மட்டும் பழகி, அவர்களுக்கு மட்டும் போதிப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை தருவோம் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாகவும், அதற்கு அவர் இசைய மறுத்ததாகவும் அதே மரபு உரைக்கின்றது.

அவர் வாழ்வின் உச்சி இதுவே என்பது எம் கருத்து. தம் மக்களுக்கு மட்டும் உரிமை கேட்பவரை உலகம் தலைவர் என்று கூறும். எல்லா மக்களுக்கும் அதே உரிமையைக் கேட்பவரைத்தான் சான்றோர் என்று கூறும். ஒரு கையெழுத்தினால் சிறைக்கதவு திறக்கும் என்ற நிலையிலும், தாம் கண்ட சமத்துவத்தைத் தம் குலத்தளவிற் குறுக்கிக்கொள்ள அவர் உடன்படவில்லை. இறுதியில் எவ்வித உறுதிமொழியும் அளிக்காமலே விடுதலை பெற்று ஊர் திரும்பினார்.

கொல்லம் 1016-ஆம் ஆண்டில் அகிலத்திரட்டு அம்மானை என்னும் பெருநூல் அவர் அருளால் தோன்றியதென்றும், சீடர் அரிகோபாலர் அதனை ஏட்டில் எழுதினார் என்றும் கூறுவர். லண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரிமார் தம் ஆண்டறிக்கைகளில் முத்துக்குட்டி என்று இவரைக் குறித்து, தம் சமயப் பணிக்கு இவர் இயக்கம் பெருந்தடையாக இருப்பதை எழுதி வைத்துள்ளனர். ஒப்பாதார் எழுதிவைத்த சான்றன்றோ வலிய சான்று! 1851-ஆம் ஆண்டு அய்யா மறைந்தார். சாமிதோப்பில் அவர் அடங்கிய இடமே இன்று தலைமைப்பதியாக விளங்குகின்றது. மாசித் திங்கள் 20-ஆம் நாள் அவதார விழாவின்போது நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்பு நோக்கிச் செல்லும் பேரணியில், பாகை சூடிய தலைகள் கடலலைபோற் செல்வதை எவரும் காணலாம்.

அவர் மறைந்து எட்டாண்டுகள் கழிந்த பின்னரே, 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நாடார் குலப் பெண்டிர் மேனி மறைக்கலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் ஆணை பிறப்பித்தார். அதிலும், மேற்குலப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற கட்டு இருந்தது. அரசு நெடுங்காலம் தயங்கித் தயங்கி, அரைகுறையாய்த் தந்ததைத் துறவி ஒருவர் முன்னமே முழுமையாய்த் தந்துவிட்டார் என்க.

இனி, இவ்வரலாற்றை இன்று நாம் நினைவு கூர்தற்குரிய காரணம் ஒன்றுண்டு. வடபுலத்தில், அய்யாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, இதே செய்கையை மற்றொரு பெரியார் செய்திருக்கின்றார். 1699-ஆம் ஆண்டு ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங்கர் கால்சா நெறியை நிறுவியபோது, முதலில் முன்வந்த ஐவருள் நாவிதரும் இருந்தார். நீர் சுமப்பவரும் இருந்தார். அவர்கள் அனைவரையும் சிங்கம் என்னும் ஒரே பெயரால் அழைத்தார். மழிக்காத கேசம், சீப்பு, இரும்பு வளையம், கச்சை, கிர்பான் என்னும் ஐந்தும் அவர்தம் சமயச் சின்னங்களாயின. அக்கேசத்தைக் காப்பது தலைப்பாகை. அங்கும் ஒரே பந்தியில் உணவு. அதனை லங்கர் என்பர். 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில் கோயிற் சூழ்தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்கு அறப்போர் நிகழ்ந்தபோது, பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர் வந்து தொண்டர்க்கு இலவச உணவுச்சாலை நடத்தினர். மொழி அறியாத, முகம் அறியாத மக்களின் உரிமைக்காக அவர்கள் நம் மண்ணுக்கு வந்தனர்.

அச்சீக்கியர்க்கே பின்னாளில் பிற நாடுகளில் பாகை வழக்காயிற்று. இங்கிலாந்தில் வுல்வர்ஆம்ப்டன் நகரப் பேருந்து ஓட்டுநர்கள் பாகையும் தாடியும் வைத்துப் பணிபுரியும் உரிமைக்காக 1967 முதல் 1969 வரை போராட நேர்ந்தது. மோட்டார் சைக்கிளில் செல்லும் சீக்கியர்க்குத் தலைக்கவசத்திலிருந்து விலக்களிக்கும் சட்டம் அந்நாட்டில் 1976-இல் வந்தது. பாகை அணிந்த சிறுவனைச் சேர்க்க மறுத்த பள்ளியின் செயல் தவறு என்று அந்நாட்டு உயர்ந்த மன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. கனடாவின் அரச காவற்படையில் பாகையோடு பணியாற்ற 1990-இல் வழி பிறந்தது. பிரான்சிலோ, அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான சமயச் சின்னங்களை விலக்கிய 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால், பாகை சூடிய மாணவரும் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. நம் பாரத நாட்டின் அரசியலமைப்போ, கிர்பான் தரித்தல் சீக்கிய சமய ஒழுக்கத்தின் பகுதியே என்று 25-ஆம் பிரிவில் வெளிப்பட உரைக்கின்றது.

பாதுகாப்புக் கருதியும், எல்லோரும் ஒன்றெனத் தோன்றுதல் கருதியும் இவ்வுரிமையை மறுப்பாரும் உளர். பாதுகாப்பு நியாயமான கவலையே. அதற்கு ஏற்ற வழியைக் கூடிப்பேசிக் காணலாம். ஆனால், ஒன்றெனத் தோன்றுதல் வேறு. ஒத்த மதிப்புடன் வாழ்தல் வேறு. எல்லாத் தலைகளிலிருந்தும் பாகையை எடுப்பது சமத்துவம் ஆகாது. பாகை சூடிய தலையும் சூடாத தலையும் ஒரே பள்ளியில், ஒரே பணிமனையில், ஒரே மன்றத்தில் இடம் பெறுவதே சமத்துவம். தன் விருப்பத்தால் பூணும் சின்னத்தைப் பறிப்பதும், விருப்பமில்லாதவன்மேல் இழிவின் சின்னத்தைத் திணிப்பதும் ஒரே ஆணவத்தின் இரு கைகள்.

மாற்று மொழி வழங்கும் மாநிலத்தில் சிறுபான்மையராய் வாழும் நாம், நம் தாய்மொழிப் பள்ளிக்கும் நம் வழக்கங்கட்கும் உரிமை கோருகின்றோம். கோருதல் தகும். அதே வேளையில், 1920-களில் நம் பாலக்காட்டுக் கல்பாத்தியின் தமிழ் அக்கிரகாரத் தெருக்களில் ஈழவ மக்கள் நடத்தற்கும் தடை நின்றதை மறத்தல் தகாது. உரிமை கேட்கும் வாய் நமது. உரிமை மறுத்த கையும் ஒருகால் நம்மவர் கையே. ஆதலின், நமக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்க மறுத்த அய்யாவின் நெறியே நமக்கு வழி. நம்மிடையே பணிக்கென வந்து சேரும் சீக்கியர் ஒருவர் பாகையோடு நம் தெருவில் நடக்கும்போது, அவரை வேடிக்கை பார்க்கும் கண் நமக்கு வேண்டா. முடிசூடும் பெருமாள் என்ற பெயரையே இழந்து, பின்னர் ஒரு மக்களினத்திற்கே முடி சூட்டிய அப்பெருமகனாரை நினைந்து, அவர் தலைக்கு உரிய மதிப்பை நம் நெஞ்சார அளிப்போமாக.

வாழ்க அய்யா வைகுண்டர் புகழ்! ஓங்குக மாந்தர் ஒருமை!