காற்றிலே சங்கிலி பின்னிய மாக்ஸிம்

புதுக்கோட்டையில் இருக்கும் ஒருவர் இலுப்பூரில் உள்ள நண்பருக்குச் சேதி அனுப்ப வேண்டும். அவருடைய கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டும் சக்தி இல்லை. நடுவே அன்னவாசலில் இருக்கும் ஒருவர் அதைக் கேட்டு, மறுபடியும் அனுப்பினால்? சேதி போய்ச் சேர்ந்து விடும் அல்லவா?

இந்தச் சின்ன உண்மையைக் கொண்டு உலகத்தையே இணைக்கப் புறப்பட்டார் ஒருவர். அவர்தான் ஹிராம் பெர்சி மாக்ஸிம்.

துப்பாக்கிக்காரர் மகன்

மாக்ஸிம் அமெரிக்காவில் உள்ள புரூக்ளின் நகரில் 1869-ம் ஆண்டு பிறந்தார். விடாமல் சுடும் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து, போர்க்களங்களை நடுங்க வைத்தவர் அவருடைய தந்தை.

மகனும் லேசுப்பட்டவர் அல்ல. 16 வயதிலேயே என்ஜினீயரிங் படிப்பை முடித்து விட்டார். மோட்டார் வண்டிகள் செய்தார். துப்பாக்கி வெடிக்கும் ஓசையை அடக்கும் கருவியைக் கண்டுபிடித்து, 1909-ல் காப்புரிமை பெற்றார்.

ஆனால், அவர் உள்ளத்தைக் கவர்ந்தது வானொலி. வீட்டிலேயே கருவி அமைத்து, தந்தி ஒலியில் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு அது. அதில் ஈடுபட்டவர்களை 'ஹாம்' என்பார்கள்.

நடுவழி நண்பர்

1914-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஹார்ட்போர்டு நகரில் இருந்த மாக்ஸிமுக்கு ஒரு வால்வு தேவைப்பட்டது. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டில் அது விலைக்கு இருந்தது. ஆனால், அவருடைய சேதி அங்கே எட்டவில்லை. நடுவில் இருந்த வின்ட்சர் லாக்ஸ் ஊர் ஹாம் ஒருவர் அதை வாங்கி அனுப்பி வைத்தார். காரியம் முடிந்தது!

ஊருக்கு ஒருவர் இப்படி இருந்தால், நாடு முழுவதும் சேதி ஓடுமே! மாக்ஸிமின் மூளையில் பொறி தட்டியது. கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞருடன் சேர்ந்து, அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் 200-க்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன.

எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். 1915-ல் ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். யார் சேதி எந்த ஊரில் கேட்டது என்ற தகவல்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து குவிந்தன.

புறம்போக்கு பொன் ஆனது

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியது. ஹாம்களின் வாய் அடைக்கப்பட்டது. போர் முடிந்த பிறகும், வானொலி முழுவதையும் கடற்படையின் கையில் கொடுக்கும் முயற்சி நடந்தது. மாக்ஸிம் விடவில்லை. போராடினார். 1919-ல் தடை நீங்கியது.

ஹாம்களுக்குச் சட்டம் விட்டு வைத்திருந்தது, 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைகளும்தான். நெடுந்தூரத்துக்கு அவை உதவா என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம். புறம்போக்கு நிலத்தைத் தள்ளி விட்டது போலத்தான்!

1921 டிசம்பரில் அந்தச் சங்கம் பால் காட்லி என்பவரைக் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. அவர் கடற்கரையில் கூடாரம் போட்டு, குளிரிலும் மழையிலும் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட ஹாம்களின் ஒலி கேட்டது! ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். நிபுணர்களின் எண்ணத்தை அந்தக் குறிப்புகள் பொய்யாக்கின.

1923-ல் அமெரிக்க ஹாம்களும் பிரெஞ்சு ஹாமும் கடலைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். 1925-ல் பாரிசில் உலக ஹாம்களின் சங்கம் பிறந்தது. மாக்ஸிமே முதல் தலைவர்.

நம் சென்னையிலும் அந்த ஆர்வம் பிறந்தது. 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் ஒரு வானொலிக் கழகம் தோன்றி, ஒலிபரப்பும் நடத்தியது.

இன்றும் அதே சங்கிலி

1936-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி மாக்ஸிம் காலமானார். அவர் பின்னிய சங்கிலி அறுந்து போகவில்லை.

நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஜோசப் டெய்லரும் ஒரு ஹாம். அவர் 2008-ல் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வெளியிட்டார். சில வாட் சக்தியில், அதற்குக் குறைவாகவும் கூட அனுப்பும் சிற்றொலி எந்தெந்த நாட்டில் கேட்டது என்று கருவிகளே அறிந்து, இணையத்தில் ஓரிடத்துக்குத் தெரிவிக்கின்றன. உலகப் படத்தில் அவை கோடுகளாகத் தெரிகின்றன. அந்தப் புரோகிராம் பூட்டி வைத்த ரகசியம் அல்ல. அது எழுதப்பட்ட விதத்தை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், காசு கொடுக்க வேண்டியது இல்லை.

அன்று கூடாரத்தில் ஒருவர் குறித்தார். இன்று ஆயிரக்கணக்கான கருவிகள் குறிக்கின்றன. தனி மனிதன் கேட்டது வெறும் சேதி. பலர் கேட்டதை ஒன்று சேர்த்தால், அதுவே அறிவு. தந்தை பெயர் துப்பாக்கியோடு நின்றது. மகன் பெயரோ, முகம் அறியாத மனிதர்களின் நட்பிலே வாழ்கிறது!