மலையகத்துக்குப் பாட்டெழுதிய மீனாட்சியம்மாள்

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதம் வட்டவளையைத் தாண்டி, றொசல்லவில் சற்று நின்று, பின் ஹட்டனை அடைகிறது. 1930களில் இப்பாதையின் இருமருங்கிலுமுள்ள தோட்டங்களுக்குள் துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் கால்வைக்க முடியாது. மீறினால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கவாதிக்கு அடைக்கப்பட்டிருந்த அந்த வாசலைப் பாட்டு மட்டும் எளிதாகத் தாண்டியது. அத்தகைய பாட்டுகளை இயற்றியதோடு தாமே மேடையேறிப் பாடியும் வந்தவர் மீனாட்சியம்மாள்.

கோ. நடேசய்யரின் மனைவி என்ற அளவிலேயே இவரைப் பலரும் அறிவர். நம் பத்திரிகையுலகமும் இதற்கு விலக்கல்ல. நடேசய்யரை நினைவுகூரும் கட்டுரைகளில் அம்மையாருக்கு ஒரு பந்தி கிடைத்தாலே அதிகம்.

தஞ்சாவூரிலிருந்து இலங்கை வந்த நடேசய்யர், புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து, லயன் வாழ்க்கையை நேரில் கண்டவர். 1924இல் அவர் தொடங்கிய தேசபக்தன் பத்திரிகையின் பொறுப்புகளில் மீனாட்சியம்மாளும் பங்கேற்றார். பெண்களின் உரிமை பற்றி அதில் எழுதினார். நடேசய்யர் சட்டநிரூபண சபையிலும் தொழிலாளர் கூட்டங்களிலுமாக அலைந்துகொண்டிருந்த காலத்தில், பத்திரிகையின் பாரத்தைச் சுமந்ததில் அம்மையாருக்குப் பெரும் பங்குண்டு.

1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைக்கப்பட்டு, ஹட்டன் அதன் தளமானது. அம்மையாரின் வாழ்வில் முக்கியமான காலம் இங்குதான் ஆரம்பிக்கிறது.

கூட்டத்துக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். துண்டுப்பிரசுரம் அவர்களிடம் செல்லாது; நீண்ட பிரசங்கமோ வீடு திரும்புமுன் மறந்துவிடும். அம்மையார் பாரதியாரின் பாடல்களைப் பாடினார். அத்துடன் நில்லாது, மக்கள் கேட்டுப் பழகிய மெட்டுகளில் தாமே புதிய பாட்டுகளைக் கட்டினார். நாடகமேடையும் இசைத்தட்டும் பரப்பிய மெட்டுகளை எடுத்துக்கொண்டு, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று தலைப்பில் குறித்துப் புதுப்பாட்டு எழுதுவது அன்றைய பாட்டுப் புத்தகக்காரர்களின் வழக்கம். மெட்டு முன்பே தெரிந்திருப்பதால் கேட்பவர் சொற்களை மட்டும் மனத்தில் இருத்தினால் போதும். கூட்டத்தில் கேட்டதை மறுநாள் கொழுந்து பறிக்கும்போது முணுமுணுக்கலாம். கங்காணியின் காதில் விழுந்தாலும் அது வெறும் பாட்டுத்தானே!

அமெரிக்கத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதி, 1915இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஜோ ஹில் என்பவரும் தேவாலயப் பாடல்களின் மெட்டுகளை இவ்வாறே பயன்படுத்தினார். அவர் பெயர் உலகெங்கும் பரவியது. அதே வேலையை ஹட்டனில் செய்த பெண்ணின் பெயர் நுவரெலியாவைத் தாண்டவில்லை என்பது நமது வருத்தம்.

அம்மையார் எதற்காகப் பாடினார் என்பதற்கு ஒரு கணக்கே போதும். 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளப்படி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பின்னர் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. எழுதிவைத்த சட்டத்தைவிட ஒன்றுகூடி நிற்பதே தொழிலாளரின் பலம் என்பது அம்மையாரின் பெயர்பெற்ற பாட்டொன்றின் கருத்து. துரைத்தனத்தைச் சாடிய அதே குரல், தொழிலாளரிடையே பிழைத்துக்கொண்டே அவர்களை ஏய்த்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

1939இல் அரசாங்கம் தனது நாட்கூலி வேலைகளிலிருந்து இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஜவஹர்லால் நேரு பேச்சுவார்த்தைக்காக இலங்கை வந்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். அதே 1940இல்தான் இலங்கைவாழ் இந்தியர்களின் நிலைமை பற்றிய தமது பாட்டுகளை அம்மையார் நூலாக வெளியிட்டார். கூலிக்குறையைப் பாடியவரின் பாட்டில் இப்போது நாட்டைவிட்டே துரத்தப்படுவோமோ என்ற அச்சமும் ஏறியிருந்தது. நாட்டை வளப்படுத்திய மக்களை அந்நியரென ஒதுக்குவது நியாயமா என்று அமைச்சர்களை நோக்கிப் பாட்டிலேயே கேட்டார். அரசியல் மனுவாக எழுதப்பட வேண்டியதை மெட்டில் ஏற்றிய துணிவு இது.

நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1931இல் வாக்குரிமை பெற்று, 1936இல் நடேசய்யரை ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பிய சமூகத்தின் பெரும்பகுதி, 1949இல் வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டது. பல தசாப்தங்களின் பின் சாரல்நாடன் பழைய ஏடுகளைத் தேடியெடுத்து எழுதியதன் பயனாகவே, அம்மையாரின் பாட்டுகளைப் பின்வந்த தலைமுறை பெரிதும் அறிந்துகொண்டது.